ரோலண்டும் அந்த ஒரு சொட்டும்

காலையில் கெட்டிலை அடுப்பில் வைப்பதற்கு முன்னால் ரோலண்ட் டிரான்டர் மண்டியிடுவார். ஜெபத்துக்கு அல்ல. பின்கட்டில் நிற்கிற மோட்டார் சைக்கிளுக்கு அடியில் கையை விட்டு, தரையில் கிடக்கும் சொட்டை விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்குக்குக் கொண்டுபோவார். கியர் எண்ணெய் என்றால் கூமுட்டை வாடை அடிக்கும். இன்ஜின் எண்ணெய் என்றால் கருகின ரொட்டி வாடை. "நீதானா" என்று இன்ஜினைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். அப்புறம்தான் டீ.

"காலங்கார்த்தால யாருக்கு முத்தம் குடுத்துக்கிட்டிருக்கே?" என்று மாடிப்படியிலிருந்து அவருடைய மனைவி ஏவ்ரில் கேட்பார்.

"உனக்கு முன்னாடி வந்தவளுக்கு."

"அவளையே டோஸ்ட் போடச் சொல்லு."

நெடுநெடுவென்ற ஆள். முழங்காலுக்கு மட்டும் எண்பது வயது, மற்ற உடம்புக்கு ஐம்பது சொல்லலாம். நெதர்ட்டன் சங்கிலிப் பட்டறையில் அச்சு வெட்டும் வேலை பார்த்து ஓய்ந்தவர். கால்சட்டையின் இடப் பையில் எண்ணெய்த் துணி, வலப் பையில் கைக்குட்டை என்று வகையாகத்தான் வைத்துக்கொள்வார். ஆனால் தும்மல் வரும்போது எந்தக் கை ஓய்வாக இருக்கிறதோ அந்தக் கைதான் பைக்குள் போகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிறவர்களில் மூக்கின் மேல் கறுப்புக் கோடு உள்ளவர் யார் என்று பார்த்தால் ரோலண்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

வண்டி வந்த வழியையும் சொல்லவேண்டும். ரோலண்டின் தாய் ஈடித்துக்கு மூத்தவள் கிளாரிஸ். கிளாரிஸின் புருஷன் ஏனோக்கு ரவுண்ட். இரண்டாவது பெண் மியூரியல் பிறந்த வருஷம் அந்த ஏனோக்கு தொட்டில் வாங்கப் போய், இந்த இரட்டைச் சிலிண்டர் வண்டியோடு திரும்பி வந்தவர். கிளாரிஸ் சாகும்வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினாள். மியூரியல் மேசை டிராயரில்தான் தூங்கினாள். ஏனோக்குவின் மூத்த மகன் கனடாவுக்குப் போய்விட்டான். இளையவனுக்கு இரண்டு சக்கரத்தில் எது ஓடினாலும் பயம். கண் மங்கின பிறகு ஏனோக்கு சாவியைத் தன் கொழுந்தியாள் மகன் ரோலண்டின் கையில் வைத்தார். மியூரியலுக்கு இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் முதல் கேள்வி, "என் தொட்டில் எப்படி இருக்கு?"

ஏவ்ரிலைப் பெண் பார்க்கிற காலத்தில் ரோலண்ட் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வேல்ஸ் கடற்கரை வரைக்கும் போனதும் இதே வண்டியில்தான். போகும்போது மழை, வரும்போது மழை. நனைந்த பெண்ணைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினதற்கு ஏவ்ரிலின் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாசற்கல்லில் சொட்டியிருந்த எண்ணெய்க்குத்தான் சத்தம் போட்டார்.

அந்தப் பக்கத்தில் அந்தக் காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் ஒழுகலைப் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. "சொட்டுதுன்னா உள்ளே இருக்குன்னு அர்த்தம். நின்னுபோச்சுன்னாத்தான் கவலைப்படணும்" என்பார்கள். ஆனால் அதற்கும் ஒரு மரியாதை உண்டு. இன்னொருவர் வீட்டு வாசலுக்குப் போனால், வணக்கம் சொல்வதற்கு முன்னால் வண்டிக்கடியில் ஒரு தட்டை வைக்கவேண்டும். ரோலண்டின் தட்டு, மாமியார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுத்தொடை வாட்டிய தட்டு. அதை வண்டியின் பக்கத்தில் தொங்குகிற பெட்டிப்பையில் போட்டுக்கொண்டுதான் எங்கேயும் போவார். சாவு வீட்டுக்குப் போனாலும் தட்டு உண்டு.

இந்த வசந்தத்தில்தான் விவகாரம் முற்றியது. எப்போதும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்று இருந்த வண்டி, குளிர்காலம் முழுக்கப் பின்கட்டில் தூங்கி எழுந்த பிறகு எல்லாப் பக்கமும் கசிய ஆரம்பித்தது. மேல்மூடியில் கசிவு. அதை அடைத்தால் பக்கமூடியில். அதை அடைத்தால் சிலிண்டரின் காலடியில். ஈஸ்டர் ஞாயிறன்று ஏவ்ரில் புது கோட்டு போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். பாலாடை நிறக் கோட்டு. தேவாலய வாசலில் இறங்கி நின்றபோது கோட்டின் ஓரம் முழுக்கக் கறுப்புப் பொட்டு.

வீட்டுக்கு வந்ததும் கோட்டை மேசைமேல் விரித்தார்.

"ரோலண்ட், இது என்ன? என் கோட்டா, உன் வண்டியோட மூக்குத் துணியா?"

"ரெண்டு பொட்டுதானே ஏவ்ரில்..."

"எண்ணிப் பாரு. எனக்குப் பின்னால உக்காந்திருந்த பார்ட்லெட் அம்மா எண்ணிட்டா. பிரசங்கம் முழுக்க அவளுக்கு அதுதான் வேலை."

"பெட்ரோல் வச்சுத் துடைச்சா..."

"துடைக்க வேணாம். லோர்னா வீட்டு விருந்து இருக்கில்ல, வர்ற சனிக்கிழமை? அவ வாசல்ல புதுசா வெள்ளைக்கல்லு போட்டிருக்கா. உன் வண்டியை அதுமேல நிறுத்து. நாம டீ குடிச்சு முடிச்சு வெளிய வர்றப்போ ஒரு சொட்டு இல்லைன்னா வண்டி உன்னோடதுதான், அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். ஒரு சொட்டு கிடந்துச்சு, டங்கன் கையில சாவியைக் குடுத்துடணும். தட்டு, துணி, அட்டை, அடைப்பு ஒண்ணும் கூடாது."

லோர்னா ஏவ்ரிலின் தங்கை. டங்கன் லோர்னாவின் மாப்பிள்ளை. நல்ல பையன், குறை சொல்ல முடியாது. ஸ்டூர்பிரிட்ஜில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து வீடு கட்டியிருக்கிறான். அந்த முன்கூடத்துக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். "எண்ணெயெல்லாம் வடிச்சு, பளபளன்னு துடைச்சு, மேல ஒரு விளக்கு போட்டு நிறுத்திடறேன் அங்கிள். ராஜா மாதிரி இருக்கும்" என்பான். "ராஜா மாதிரி இல்லடா, ராஜாவோட பொணம் மாதிரி" என்பார் ரோலண்ட். இருவரும் சிரிப்பார்கள். ரோலண்டின் சிரிப்பு முதலில் நின்றுபோகும்.

இந்தத் தடவை அவருக்குச் சிரிக்கவும் வரவில்லை. ஏவ்ரில் கையை நீட்டினார். ரோலண்ட் தன் கையைத் துணியில் துடைத்துவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஊரில் கை குலுக்கினால் முடிந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டதைக்கூட மாற்றுவார்கள், கை குலுக்கினதை மாற்றமாட்டார்கள்.

அந்த வாரம் அந்த வீட்டில் பாத்திரத்துக்கு ஒரு வேலை, பதார்த்தத்துக்கு வேறு வேலை. செம்பு வாஷர்களை ரோலண்ட் காஸ் அடுப்பில் சிவக்கப் பழுக்கவைத்து, டீக் கோப்பைத் தண்ணீரில் 'சுய்' என்று போட்டார். பழுத்து ஆறின செம்புதான் இளகும், இளகினால்தான் இடுக்கில் படிந்து உட்காரும். மூடிகளின் விளிம்பு கோணியிருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிப் பலகைமேல் தேய்ப்புப் பசை தடவி எட்டு வடிவத்தில் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். அந்தக் கண்ணாடி படுக்கையறையில் அவர்களுடைய கல்யாணப் படத்தின் முன்னால் இருந்த கண்ணாடி. மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங்கைக் கடையில் வாங்கமாட்டார். காலை உணவுக்கு வாங்குகிற கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவின் அட்டைதான் சரியான பருமன் என்பது அவர் கட்சி. மூடிமேல் அட்டையை வைத்து, விளிம்பைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், அட்டை தானாக அந்த உருவத்துக்கு வெட்டுப்பட்டு விழும். புதன்கிழமைக்குள் அலமாரியில் டப்பா என்று ஒன்று இல்லை. உணவெல்லாம் வெறும் பையில் நின்றது.

"எதைத் தின்னுறதுன்னு தெரியாம நேத்து முயலுக்கு வாங்கின தீனியில பால் ஊத்திட்டேன்" என்று ஏவ்ரில் தங்கையிடம் தொலைபேசியில் சொல்வது பின்கட்டு வரைக்கும் கேட்டது.

புதன்கிழமை மதியம் கிளெம் வந்தார். ரோலண்டோடு பட்டறையில் இருந்தவர். மாவுக்குள் பன்றிக்கறி வைத்துச் சுட்ட பண்டம் ஒன்றைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு, வண்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"எங்க ஒழுகுது?"

"எங்க ஒழுகலைன்னு கேளு."

"நேத்து அடைச்ச இடம்?"

"அது காஞ்சு கிடக்கு. அதுக்குப் பக்கத்து இடம் தொடங்கிடுச்சு."

"எங்க அத்தை ஹில்டா குடும்பம் மாதிரி இருக்கே. ஒருத்தி வாயை அடைச்சா இன்னொருத்தி திறப்பா." கிளெம் பண்டத்தின் துணுக்கை மீசையிலிருந்து தட்டினார். "மூச்சுக்குழாயைப் பாத்தியா?"

"அதெல்லாம் புதுசு. போன இலையுதிர்காலத்துல நானே என் கையால போட்டேன்."

"நீ போட்டதா? அப்போ சரி."

இப்படித்தான் ஊரில் பாதிக் காரியம் கெட்டுப்போகிறது. இன்ஜினுக்குள் பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் காற்று அமுங்கும். அது வெளியே போக ஒரு ரப்பர் குழாய் இன்ஜின் வயிற்றிலிருந்து பின்சக்கர மட்கார்டு நுனி வரைக்கும் போகிறது. அதைத்தான் மூச்சுக்குழாய் என்றார் கிளெம். நட்டு நட்டாகப் பிரித்துப் பார்த்த ரோலண்ட், அதைமட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரான் செய்த வேலைமேல்தான் மனுஷனுக்குச் சந்தேகம் வரும்.

வியாழக்கிழமை அவர் கடைசி வைத்தியத்துக்கு வந்தார். இன்ஜினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, துளி ஈரமில்லாமல் துடைத்து, ஏவ்ரிலின் லாவெண்டர் முகப்பவுடரை எடுத்து மேலெல்லாம் தூவினார். எண்ணெய் பொய் சொல்லும். பிறந்த இடம் ஒன்று, காற்று அடித்துக் கொண்டுபோய் நம் கண்ணில் காட்டுகிற இடம் வேறு. பவுடர் பொய் சொல்லாது. முதல் ஈரம் எங்கே படுகிறதோ அங்கே கறுத்துவிடும். வெள்ளைக் கல்யாணப்பெண் போல் இருந்த வண்டியில் ஏறி, தேவாலய மேடு வரைக்கும் போய்த் திரும்பினார். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் லாவெண்டர் வாசனையோடு ஒரு மோட்டார் சைக்கிள் போவதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

முற்றத்தில் வண்டியை நிறுத்தி, மடக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த வசந்தம் முழுக்க அது அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. வழக்கம்போலச் செய்தித்தாளை மடித்து ஒரு காலுக்கடியில் செருகிவிட்டு, பவுடரைப் பார்த்தார்.

ஒரு கோடு அல்ல. எல்லா மூட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. புதிதாக வைத்த அட்டையிலும் கோடு, பழைய அட்டையிலும் கோடு.

வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் அந்தக் குழாய் கெட்டிருக்கிறது. எல்லாக் குழாயும் ஒழுகினால் குழாயில் கோளாறு இல்லை. எங்கேயோ எதுவோ போகவழி இல்லாமல் அழுத்திக்கொண்டு நிற்கிறது. ரோலண்ட் எழுந்து வண்டியின் பின்பக்கம் போனார். மண்டியிட்டு, மட்கார்டுக்கு அடியில் கையை விட்டு, தான் போட்ட குழாயைத் தடவிக்கொண்டே நுனிக்குப் போனார். நுனியில் ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் மழுமழுவென்று எதுவோ இருந்தது. பிடித்து இழுத்தார். 'பொக்' என்றது. உள்ளேயிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

கையில் இருந்தது ஒரு கறுப்பு ரப்பர்க் குல்லாய். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. திரும்பி நாற்காலியைப் பார்த்தார். மூன்று கால்களுக்குக் கறுப்புக் குல்லாய். நாலாவது கால் செய்தித்தாள்மேல் நின்றுகொண்டிருந்தது.

ஏவ்ரில் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். ரோலண்ட் குல்லாயைத் தோல் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது யாருன்னு தெரியுதா?"

"நாற்காலியோடது." கத்தி நிற்கவில்லை.

"எங்கேருந்து எடுத்தேன் தெரியுமா?"

"தெரியாம என்ன? நான்தானே போட்டேன். குளிர்காலம் தொடங்குறப்போ பின்கட்டுக்குப் புதுத் தரை போட்டோமில்ல, மறுநாளே அதுமேல உன் வண்டி சொட்டுச்சு. எங்கேருந்துன்னு குனிஞ்சு பாத்தேன். அந்த வாலு நுனியிலேருந்து. அடைச்சேன். நின்னுடுச்சு. நீ இத்தனை வருஷமா பண்ணாததை நான் ஒரு நிமிஷத்துல பண்ணேன். சொன்னா உனக்கு மனசு கஷ்டப்படும்னு சொல்லலை."

"ஏவ்ரில், அது வாலு இல்ல. மூக்கு."

"என்ன மூக்கு?"

"வண்டி மூச்சு விடுற மூக்கு. மூக்கைப் பொத்தினா அது எங்க விடும்? கண்ணுல, காதுல, அக்குள்ல, இருக்கிற ஓட்டையிலெல்லாம் விடும்."

கத்தி நின்றது. ஏவ்ரில் கதவில் தொங்கின கோட்டைப் பார்த்தார். பிறகு குல்லாயை. பிறகு மறுபடியும் கோட்டை.

"அப்போ அந்தப் பொட்டெல்லாம்..."

"உன் கைவேலைதான். நானும் வண்டியும் சும்மா உடந்தை."

ரோலண்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏவ்ரிலுக்கு வரவில்லை. காது சிவந்தது. கையில் இருந்த கிழங்கை, கோலிக்குண்டு அளவுக்கு ஆகும்வரை சீவினார்.

"அதுக்காகக் குடுத்த பேச்சு மாறாது" என்றார் கடைசியில்.

"நான் மாத்தச் சொல்லலையே."

"ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான்."

"சரிங்கறேன்ல."

சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் விஷயம் அவருக்குத் தெரியும். மூக்கைத் திறந்துவிட்ட பிறகு மூட்டெல்லாம் காய்ந்துவிட்டது. மேட்டுக்குப் போய் வந்தாலும் பவுடர் பவுடராகவே இருந்தது. ஆனாலும் மூக்கு மூக்குதானே, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஓடி நின்ற வண்டி குளிர்கிறபோது, குழாயில் படிந்த ஆவி எண்ணெயாகி நுனிக்கு இறங்கும். சில நாள் ஒரு சொட்டு விழும், சில நாள் விழாது. வெள்ளிக்கிழமை அவர் இரண்டு தடவை ஓட்டிக்கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தார். காலையில் விழவில்லை. மத்தியானம் விழுந்தது. நல்ல உடம்புள்ள வண்டி செய்கிற காரியம் அது. அதற்கு மருந்து கிடையாது.

கிளெம்முக்கு மனசு கேட்கவில்லை. "டேய், அங்க போய் இன்ஜினை அணைச்சதும் அந்தக் குல்லாயைப் போட்டுடு. கிளம்பறப்போ கழட்டிடு. நின்ன வண்டிக்கு மூக்கு எதுக்கு?"

"அடைப்பு கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"அவ வச்சதே அடைப்புதானேடா!"

"கை குலுக்கினது நான்" என்றார் ரோலண்ட். குல்லாயை நாற்காலிக் காலில் திரும்ப மாட்டினார்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. ஏவ்ரில் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினார். ஸ்டூர்பிரிட்ஜ் ஏற்றத்தில், இன்ஜின் கனத்த குரலில் நிதானமாக முழங்கிக்கொண்டு ஏறியபோது, இரண்டு கையாலும் ரோலண்டின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிடியை மேட்டில் ஏறின பிறகும் எடுக்கவில்லை.

லோர்னா வீட்டு வாசல் கழுவின தட்டு மாதிரி இருந்தது. ரோலண்ட் வண்டியை நடுக்கல்லில் நிறுத்தினார். பெட்டிப்பையில் கை போகப் பார்த்தது. தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்து, கையை எடுத்துக்கொண்டார்.

உள்ளே மீன் சாண்ட்விச்சும், உலர்திராட்சை கேக்கும், லோர்னாவின் மூட்டுவலிக் கதையும். ரோலண்டுக்கு எது வாய்க்குள் போனது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு நேரான நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்தபடியே இருந்தார். டங்கன் இரண்டு தடவை வெளியே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தான்.

"இன்னும் ஒண்ணுமில்ல அங்கிள்" என்றான். பாவம், அவன் குரலில் கொஞ்சம் வருத்தம்தான்.

"நம்ம ரோலண்டைப் பாரேன், ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கார்" என்றாள் லோர்னா. "ஏவ்ரில், நீயாவது இன்னொரு துண்டு எடுத்துக்க."

"வேணாம்டி" என்றார் ஏவ்ரில். அவருடைய முதல் துண்டே தட்டில் அப்படியே இருந்தது.

டீ முடிந்தது. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். டங்கன் முன்பக்கம் போய், கால்சட்டை முட்டியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்ஜினுக்கு எதிரில் குந்தினான். மேல்மூடியைத் தடவினான், பக்கமூடியைத் தடவினான், விரலைப் பார்த்தான். சுத்தமான விரல். ரோலண்ட் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். ஏவ்ரில் கைப்பையை மாட்டிக்கொண்டு அவருக்கு அருகில் வந்தார்.

மட்கார்டுக்கு அடியில் குழாய் நுனியில் ஒரு பளபளப்பு திரண்டது. கனத்தது. நீண்டது. ரோலண்ட் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஏவ்ரிலும் பார்த்தார். விழுந்தது. வெள்ளைக்கல்லில் பட்டாணி அளவு கறுப்பு.

"முன்னால ஒண்ணுமே இல்ல" என்று டங்கன் எழுந்தான். "பின்னாலயும் ஒரு தடவை பாத்துடறேன்."

ரோலண்ட் வாயைத் திறந்தார். தானே சொல்லிவிடுவது என்றுதான் திறந்தார். சாவியும் கையில்தான் இருந்தது.

ஏவ்ரில் ஒரு அடி முன்னால் வைத்தார். விருந்துக்கென்று போட்டுக்கொண்டு வந்த வெளிர்நிறச் செருப்பு அந்தச் சொட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

"பாரு டங்கன், நல்லாப் பாரு" என்றார். கைப்பையை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு, உடம்பின் கனத்தையெல்லாம் அந்த ஒரு காலில் இறக்கினார். டங்கன் குனிந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். லோர்னா கேக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஏவ்ரில் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ரோலண்ட் ஹெல்மெட்டை மாட்டி, ஏறி உட்கார்ந்து, கிக்கரை உதைத்து, வண்டி முழங்கி நிதானத்துக்கு வரும்வரைக்கும் அந்தக் கால் நகரவில்லை.